கீழே வைக்காத உலக்கை

கதவை உடைக்கப் போலீஸார் கொண்டுவந்த இரும்பு உலக்கையைப் பார்த்ததும் கதவுக்கு உயிரே போய்விட்டது. உள்ளே இன்பராஜ் கத்தியோடு நின்றான். மூலையில் அவன் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"எப்போ இடிக்கப் போறே?" என்றது கதவு.

"ஏட்டம்மா பேசிக்கிட்டிருக்காங்க. பொறு," என்றது உலக்கை.

"பிள்ளை சாப்பிட்டாளா தம்பி?" என்று ஏட்டம்மா வெளியிலிருந்து கேட்டார். கோபப்படாமல் மறுபடி கேட்டார். வெயில் சாய்ந்தது. உலக்கையைத் தாங்கியிருந்த இரு போலீஸ்காரர்களின் கைகளும் நடுங்கின.

"பாவம், அவங்க உன்னைக் கீழே வைக்கலாமே?" என்றது கதவு.

"வெச்சா சத்தம் கேட்கும். உள்ளே அவன் மிரண்டுடுவான்."

கடைசியில் கத்தி தரையில் விழுந்தது. தாழ்ப்பாள் விலகியது. மகள் ஓடிவந்து ஏட்டம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

இன்பராஜை ஜீப்பில் ஏற்றிய பிறகுதான் உலக்கையைக் கீழே வைத்தார்கள். ணங்கென்ற சத்தத்தில் வாசலே அதிர்ந்தது.

"அடேயப்பா!" என்றது கதவு. "இவ்வளவு கனமா நீ?"