மூன்றாவது பிரேக் விளக்கு

"எரியுதா?" கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார் வில்ஃப்.

"கீழே ரெண்டும் எரியுது. மேலே உள்ளது எரியலை" என்றாள் டோரீன், பின்னாலிருந்து.

வில்ஃப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். காரின் பின்னால் பூட்டியிருந்த, படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவனுக்கு வயது முப்பத்தைந்து. அதன் பின்பக்க ஜன்னலுக்கு மேலே, அரை முழ நீளத்தில் ஒரு புதிய பிரேக் விளக்கு. முந்தின நாள் பகல் முழுக்க ஏணியில் நின்று அவரே மாட்டியது.

"பத்து மணிக்குக் கிளம்பணும். மணி இப்பவே ஒன்பதே முக்கால்" என்று முணுமுணுத்தபடி இறங்கினார்.

"பன்னிரண்டு மணிக்கு அட்ரியன் வர்றான்னு சொன்னேன்ல? ரெண்டு வருஷம் கழிச்சு அவனா போன் பண்ணியிருக்கான். அரை நாள் கழிச்சுப் போனா விட்பியில கடல் வத்திடுமா?"

"வரட்டும். பூட்டின கதவைப் பாத்துட்டுப் போகட்டும்."

இரண்டு வருடத்துக்கு முன்பு இதே கேரவனை வில்ஃப் இழுத்துப் போக, மகன் அட்ரியன் தன் காரில் பின்தொடர்ந்தான். ஆடு ஒன்று சாலையில் குதிக்க, வில்ஃப் பிரேக் போட, அட்ரியன் நேராகக் கேரவனில் வந்து இடித்தான். யாருக்கும் அடியில்லை. ஆனால் சாலையோரத்தில் நின்று இருவரும் பேசிய பேச்சு டோரீனுக்கு இன்னும் காதில் இருந்தது. 'உங்க பழைய டப்பாவில பிரேக் விளக்கு எங்கே தெரியுது?' என்றான் மகன். 'கண்ணை எங்கேடா வெச்சிருந்தே?' என்றார் அப்பா. அதன்பின் அப்பாவும் மகனும் பேசவில்லை.

வில்ஃப் கேரவனின் பிளக்கைப் பிடுங்கி, துணியால் துடைத்து, மறுபடி செருகினார். காரில் ஏறி மிதித்தார்.

"இப்போ?"

"இல்லை."

"நல்லாப் பாத்தியா?"

"எனக்குக் கண்ணாடி போட்டா நல்லாவே தெரியும். எரியலை."

"அப்போ எர்த் சரியா இல்லை போல" என்று ஏணியை எடுத்துவந்தார்.

டோரீன் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "சட்டப்படி இந்தப் பழைய வண்டிக்கு ரெண்டு விளக்கு போதும்னு நீதானே சொன்னே. இப்ப எதுக்கு மூணாவது? அவன் சொன்னது சரின்னு தோணிடுச்சா?"

"லாரிக்காரனுங்க உயரத்துல உக்காந்து ஓட்டுறானுங்க. அவங்களுக்காக. உன் பையனுக்காக இல்லை."

"சரி, என் பையன்தான். எனக்கு மட்டும்."

வில்ஃப் விளக்கின் திருகாணியைக் கழற்றினார்.

"இந்த ஒண்ணு எரியலைன்னா என்ன? அப்படியே கிளம்பிடலாமே" என்றாள் டோரீன்.

"நாப்பது வருஷமா கேரவன் இழுக்கறேன். ஒரு பல்பு எரியாம வண்டி தெருவைத் தாண்டினது கிடையாது. அது உனக்கே தெரியும்."

தெரியும் என்பதுபோல டோரீன் தலையாட்டினாள்.

பத்தரைக்கு மறுபடி பார்த்தார்கள். எரியவில்லை. ஃபியூஸை மாற்றினார். எரியவில்லை. பதினொன்றேகாலுக்கு ஒயரைப் புதிதாக முறுக்கி டேப் சுற்றினார். விட்பிக்குக் கட்டி வைத்திருந்த சாண்ட்விச்சில் பாதியை இருவரும் நடைபாதையில் நின்றபடியே தின்றார்கள்.

"இப்போ மிதிக்கறேன். பாரு" என்று வில்ஃப் காருக்குள் போனார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மால்கம் நாயுடன் வந்தார். கேரவனின் பின்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மால்கம், உங்க முழங்கால் ஆபரேஷன் என்னாச்சு?" என்று டோரீன் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

முழங்காலைப் பற்றிக் கேட்டால் மால்கமுக்கு வேறெதுவும் ஞாபகம் இருக்காது. மருத்துவமனைக் காப்பி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். வில்ஃப் அதுவரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"என்ன, எரியுதா இல்லையா?"

"இல்லை வில்ஃப்."

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் வில்ஃப். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. மறுபடியும் ஏணியில் ஏறி, விளக்கின் மூடியைக் கழற்றி, ஊதி, மாட்டி, நிதானமாக இறங்கினார். மறுபடியும் காரில் உட்கார்ந்து மிதித்தார்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தெருமுனையில் ஒரு நீலக் கார் திரும்பியது. கேரவனுக்குப் பின்னால், நிறையவே இடம் விட்டு, நின்றது. அட்ரியன் இறங்கினான். மெலிந்திருந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டவன், காரைவிட்டு இறங்கும் அப்பாவைப் பார்த்ததும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

பேச ஏதாவது வேண்டுமே என்று தேடியவன்போல மேலே காட்டினான். "புது பிரேக் விளக்கா அப்பா? நான் முனை திரும்பும்போதே கண்ணைப் பறிச்சுது."

டோரீன் நடைபாதையைப் பார்த்துக்கொண்டு, "வில்ஃப், நான் வந்து..." என்று ஆரம்பித்தாள்.

வில்ஃப் கைகளைத் துணியில் துடைத்தார்.

"நேத்து சாயங்காலமே எரிஞ்சுதே" என்றார். "பிரேக்குக்கும் சீட்டுக்கும் நடுவுல துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்துட்டு, நானே பின்னாடி போய்ப் பாத்துட்டேன்."