துரை கொடுத்த ஞாயிறு

எட்டாவது வாளித் தண்ணீரை அடுப்படியில் இறக்கியபோது வெர்னாவுக்குத் தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. வர்ஜீனியாவின் அந்தப் பழைய பண்ணை வீடு இப்போது அருங்காட்சியகம். அதில் அவளுக்கு 1774-ஆம் வருஷத்து அடிமைச் சமையல்காரி வேஷம். வேஷம்தான் பொய், வாளி நிஜம்.

பண்ணைத் துரை வேஷம் போட்ட ஹார்லன் நாற்காலியில் சாய்ந்தபடி பார்வையாளர்களிடம் சுதந்திரத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். வேலை அட்டவணை போடுவதும் அவர்தான். தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக ஒரு ஞாயிறு லீவு கேட்டு, மூன்று வாரமாக வெர்னா அவர் பின்னால் அலைகிறாள்.

கூட்டத்தில் தொப்பி போட்ட ஒரு பெண் குறுக்கிட்டாள். "சுதந்திரமெல்லாம் சரி துரை. இந்தம்மாவுக்கு ஒரு ஞாயித்துக்கிழமையாவது ஓய்வு குடுப்பீங்களா?"

பார்வையாளர்கள் முன்னால் வேஷத்தைக் கலைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஹார்லனுக்குப் பொய்முடிக்குள் வியர்த்தது.

"வர்ற ஞாயிறு அவளுக்கு ஓய்வு," என்றார். கூட்டம் கைதட்டியது.

மாலையில் பொய்முடியைக் கழற்றிய கையோடு, "அது துரை குடுத்த வாக்கு வெர்னா. அவர் செத்து இருநூறு வருஷமாச்சு. ஞாயிறு ஒன்பது மணிக்கு வந்துடு," என்றார்.

வெர்னா வெளியே போய், காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். பின்சீட்டில் குழந்தை விழித்து அழுதது.

"என்னக்கா, அத்தனை பேர் முன்னாடி கேட்டும் குடுக்கலியா?" என்றாள் ஸ்டியரிங் முன்னால் இருந்த தங்கை, தொப்பியைக் கழற்றியபடி.

"துரை குடுத்துட்டார். ஹார்லன்தான் எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை இன்னும் பாக்கி வச்சிருக்கார்."