ஜெபத்தில் விட்ட வார்த்தை

"ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் உங்க மூணு ஒண்ணு கேள்வியை எடுக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்" என்று மெர்சி கணவனிடம் கெஞ்சினாள்.

ஜெரோம் சட்டைப் பொத்தானைப் போட்டபடி தலையாட்டினார். அது போதாது, சத்தியம் பண்ணுங்கள் என்றாள். சத்தியம் பண்ணக் கூடாதென்று வேதத்திலேயே இருக்கிறது, வேண்டுமானால் வாக்குத் தருகிறேன் என்றார். இதற்கும் ஒரு வசனமா என்று மெர்சிக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் வாக்குக் கொடுத்தாரே, அதுவரைக்கும் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நல்ல மனுஷன்தான். கால் ஒடிந்து படுக்கையில் கிடந்தபோது பொழுது போகாமல் வேதத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அதோடு வந்தது வினை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிறார்களே, அது வேதத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்கத் தொடங்கினார். பாஸ்டர் கிணத்துக்கடவில் இவர்கள் வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். மகள் கயல்விழியைப் பெண் பார்க்க மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தவர்கள், அவர் பேச்சைக் கேட்டுவிட்டுக் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

இன்று ஈரோட்டிலிருந்து ரூபன் வீட்டார் வருகிறார்கள். ஒரு கல்யாணத்தில் பார்த்ததிலிருந்து கயல்விழிக்கு ரூபனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இதுவும் அப்பாவால் கெட்டால் இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ரூபனின் அப்பா இஸ்ரவேலோ பல வருஷம் சபைக் கமிட்டியில் இருந்தவர், வசனம் வசனமாகப் பேசுகிற கறாரான ஆள் என்று கேள்வி.

வந்தார்கள். மெர்சி சுட்டு வைத்த கச்சாயப் பலகாரத்தை நன்றாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ரூபன் ஓரக்கண்ணால் கயல்விழியைப் பார்த்ததை மெர்சி கவனித்துக்கொண்டாள். இனிப் பேச்சைத் தொடங்க வேண்டும், அதற்கு முன்னால் ஜெபம் பண்ண வேண்டும். வந்தவர்களில் பெரியவர் ஜெபிப்பதுதான் வழக்கம் என்பதால் மெர்சி இஸ்ரவேலைக் கேட்டாள்.

அவர் தன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"வேண்டாமுங்க. ஊட்டுக்காரர் இருக்கையில நான் எதுக்குங்க? அவரே பண்ணட்டும்."

யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள், மனுஷன் ஆழம் பார்க்கிறார் என்று மெர்சி நினைத்தாள்.

அவர்கள் சபைகளில் யார் ஜெபித்தாலும், மூவரும் ஒருவரே என்ற பொருளில் 'திரியேக தேவனே' என்றுதான் தொடங்குவார்கள். ஜெரோம் 'பரலோகப் பிதாவே' என்று தொடங்கினார். ஆமென் சொல்லும் வரை அந்த வார்த்தை வரவே இல்லை.

"ஏனுங்க, திரியேகன்னு சொல்லலீங்களே? மறந்துபோட்டீங்களா?" என்றார் இஸ்ரவேல். பக்கத்தில் அவர் மனைவி இருமினாள்.

இவருக்கு ரெண்டு நாளாகத் தொண்டை கட்டியிருக்கிறது என்று மெர்சி வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தாள். இஸ்ரவேல் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஜெரோம் மனைவியைப் பார்த்தார், கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை, அதைச் சொல்லித் தொலையுங்களேன் என்று மெர்சி மனசுக்குள் மன்றாடினாள்.

"மறக்கலீங்க. வேணும்னேதான் விட்டேன்" என்றார் ஜெரோம்.

அதற்கு வசன ஆதாரம் உண்டா என்று கேட்டார் இஸ்ரவேல். அவர் மனைவி இந்த முறை பலமாகவே இருமினாள். ரூபன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கடைசி நாள் எப்பன்னு குமாரனுக்கே தெரியாது, பிதாவுக்கு மட்டுந்தான் தெரியும்னு இயேசுவே சொல்றாருங்க. பிதா என்னையவிடப் பெரியவர்ங்கிறாரு. அப்புறம் ரெண்டு பேரும் சமம்னு நான் எந்த வாயில சொல்றதுங்க?"

"தோமா அவரைப் பாத்து, என் தேவனேன்னு கூப்பிட்டானே. அவரு மறுக்கலீங்களே?"

ஜெரோம் அதை ஒத்துக்கொண்டார். "அந்த எடத்துக்கு எங்கிட்டப் பதில் இல்லீங்க. நானும் முட்டி மோதிக்கிட்டுத்தான் இருக்கேன். இயேசு எனக்கு ஆண்டவர், அதுல மாத்தமில்ல. ஆனா புரியாததைப் புரிஞ்ச மாதிரி ஜெபத்துல சொல்ல எனக்கு வரலீங்க."

இஸ்ரவேல் எழுந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தார். கயல்விழி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லாம் போயிற்று. மெர்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மானம் மரியாதை பார்க்காமல் இஸ்ரவேலின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பொண்ணு என்னங்க பாவம் பண்ணுனா? இவரு பேசமாட்டேன்னு வாக்குக் குடுத்தாருங்க. சத்தியம்தான் பண்ணக் கூடாதாம், வேதத்துல இருக்குதாம்."

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். இஸ்ரவேல் கார் பின்சீட்டிலிருந்து ஒரு தடித்த வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து அவசர அவசரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"திரியேகங்கிற வார்த்தையை அவரும் சொல்லமாட்டாருங்க அம்மணி, அதுக்குத்தான் கமிட்டியில இருந்தே நிறுத்திப்போட்டாங்க. ஈரோட்டுல கார் ஏறுறப்ப எங்கிட்டயும் வாக்குத்தானுங்க குடுத்தாரு, சத்தியம் பண்ணக் கூடாதாமா."