கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த துண்டு

“தலைவர் வாமதேவன், ஜன்னல் பக்கம். பொருளாளர் சுவர்ணா, கதவுப் பக்கம். மேசையின் நீளப் பக்கத்தில், நடுவில், நடுவர் மேர்வின் ஐயா. அவருக்கு வலப்பக்கம் செயலாளராகிய நான். இடப்பக்கம் உபதலைவர் பிரதாபன். எதிரே, வழக்குக்கு வந்த இரண்டு குடும்பத்தார்.”

“காணும் சுசிலா. அந்த இடத்திலை நிப்பாட்டுங்கோ” என்றார் வாமதேவன்.

சுசிலா போன மாதக் கூட்டக் குறிப்பை மூடினாள். யார் வந்தார்கள் என்பதோடு யார் எங்கே இருந்தார்கள் என்பதையும் எழுதிவைப்பது அவளுடைய பதினான்கு வருடப் பழக்கம். அது தன் கழுத்துக்கே சுருக்காக வரும் என்று அவள் நினைத்ததில்லை.

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஊர் ஒன்றியம் மாதம் ஒருமுறை வாடகைக்கு எடுக்கும் அந்த அறையில் இன்றும் அதே மேசை, அதே கதிரைகள், அதே ஐந்து பேர். எதிர்ப்பக்கம் மட்டும் காலி. நடுவில் ஒரு மொட்டைக் கடிதம், டைப் அடித்தது.

வாமதேவன் அதை இரண்டாம் தரமாக வாசித்தார். “‘எங்கள் நடுவருக்கு ஞாபகம் போய்விட்டது. வழக்காளிகளின் பெயர்களை ஒரு தாள்துண்டில் எழுதி, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளித்துவைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார். நடுவர் பதவிக்கு வயதெல்லை வேண்டும்.’ எப்பிடி இருக்குது கதை?”

மேர்வின் ஐயா குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயது. ஊரில் பெயர்பெற்ற வழக்கறிஞர். ஒன்றியத்துக்குள் எந்தப் பிணக்கு வந்தாலும் கடைசித் தீர்ப்பு அவருடையது. ‘எங்கட சுப்ரீம் கோர்ட்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நடுவர் ஆயுள்வரைக்கும் நடுவர். விலக்கவும் ஒன்றியத்தின் யாப்பு விதிகளில் இடமில்லை, விலகவும் இடமில்லை.

“கூட்டின்ரை மூடியைத் திறந்தா அது மறைப்பு மாதிரி நிக்கும்” என்றார் வாமதேவன். “எதிரை இருந்தவைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, சுவர்ணாவுக்கும் தெரியாது. ரெண்டு பக்கத்திலையும் இருந்தவை ரெண்டே ரெண்டு பேர். எழுதினவர் ஆரெண்டாலும் இண்டையோடை ஒன்றியத்தை விட்டுப் போக வேணும்.”

சுசிலா மேர்வின் ஐயாவைத் தாண்டிப் பிரதாபனைப் பார்த்தாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒன்றியத்தை விட்டால் லண்டனில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

“எழுதினது ஆரோ, கேட்டது சரிதானே அண்ணை?” என்றான் பிரதாபன். “இந்த நாட்டிலையே நீதிபதிமாரை எழுபத்தைஞ்சிலை வீட்டை அனுப்புறாங்கள்.”

“அமெரிக்காவிலை சாகுமட்டும் இருக்கினம்.”

“நாங்கள் இருக்கிறது வால்தம்ஸ்டோவிலை.”

சுவர்ணா சிரிக்க வாயெடுத்து, தலைவரின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

“தம்பி, இண்டைக்கு வயசெல்லை எண்டுவீர். நாளைக்குத் தேர்தல் எண்டுவீர். அடுத்த நாள் உம்மட மச்சானைக் கொண்டுவந்து இந்தக் கதிரையிலை இருத்துவீர். நான் தலைவரா இருக்குமட்டும் இந்தக் கதிரையிலை கை வைக்க ஏலாது. போன வருசம் ஐயா களைப்பா இருக்குது எண்டவர். அதுக்கே நான் விடேல்லை.”

மேர்வின் ஐயா கையை உயர்த்தினார். “நான் ஒண்டு சொல்ல வேணும்.”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். வலப்பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, உம்மட பேர் என்ன?”

வாமதேவன் மேசையில் தட்டிச் சிரித்தார். “பாத்தியளே, ஞாபகம் போட்டுது எண்டு எழுதினவைக்கு ஐயா பகிடியாலையே மறுமொழி குடுக்கிறார்.” எல்லோரும் சிரித்தார்கள். மேர்வின் ஐயாவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

“சுசிலா, ஐயா” என்றாள் அவள், தானும் சிரித்துக்கொண்டு. பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். “அண்ணை, நான் எழுதேல்லை. அந்தத் துண்டை நான் காணவும் இல்லை. மிச்சத்தை நீங்களே பாருங்கோ.”

இரண்டு பேரில் ஒருவர் இல்லையென்றால் மற்றவர்தானே. அவளுடைய கணக்கில் பிழை இருக்கவில்லை.

பிரதாபன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “அப்ப என்னைத்தான் சொல்லுறியள். சரியக்கா, நல்லா இருங்கோ.” கதவு அறைந்து மூடியது.

நீக்கல் கடிதத்தை வாமதேவன் சொல்லச் சொல்லச் சுசிலா எழுதினாள். அவர் கையெழுத்து வைத்துவிட்டுச் சுவர்ணாவோடு புறப்பட்டுப் போனார். சுசிலா அதை மூன்றாக மடித்து உறையில் இட்டுப் பிரதாபனின் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, அவ்வளவு நேரமும் தன் இடத்திலேயே குனிந்து ஏதோ எழுதிய மேர்வின் ஐயா, ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இதையும் தலைவருக்கு அனுப்பிவிடும், பிள்ளை. வாசிச்சிட்டு ஒட்டும்.”

‘தலைவர் அவர்கட்கு, இன்றும் நடுவர் சொல்ல வந்ததை மறந்துபோனார். செயலாளரின் பெயரைக் கேட்டது பகிடிக்கு அல்ல. பிரதாபனை விட்டுவிடவும். அந்தத் துண்டு இருந்தது பக்கத்தில் இருந்த இருவருக்கு மட்டுமல்ல, அதை ஒளித்துவைத்தவனுக்கும் தெரியும்.’

சுசிலா பிரதாபனின் உறையை இரண்டாகக் கிழித்தாள். இந்த முறை அடியில் ‘மேர்வின்’ என்று பெயர் போட்டிருந்த அந்தக் கடிதத்தை வேறோர் உறையிலிட்டு, தலைவரின் விலாசம் எழுதி, ஒட்டி, கீழே இறங்கிப்போய்ச் சிவப்புத் தபால் பெட்டிக்குள் போட்டாள்.