அம்புக்குறி

"மியூசியத்துக்குப் போறவங்க எல்லாம் உங்க வரைபடத்தை நம்பி ஒரு முட்டுச்சந்துல போய் நிக்கிறாங்களாம். இன்னைக்குள்ள தப்பைக் கண்டுபிடிங்க சார். இல்லைன்னா அடுத்த பதிப்பை வேற ஆள் எழுதுவார்."

பதிப்பாளர் போனை வைத்ததும், நகர வழிகாட்டிப் புத்தகம் எழுதியவர் மனைவியிடம் திரும்பினார்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீதானே சரிபார்த்தே?"

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன்."

"அப்போ படிக்கிறவங்கதான் உன் தம்பி மாதிரி மக்குங்களா?"

"அவனை வம்புக்கு இழுக்கலைன்னா உங்களுக்குத் தூக்கம் வராதே."

தன் புத்தகத்தையே பிரித்துப் பிடித்தபடி அவர் நடந்தார். நேராகப் போக வேண்டிய முனையில் வரைபடத்தின் அம்புக்குறி இடப்பக்கம் திரும்பியிருந்தது. அவரும் திரும்பினார். முட்டுச்சந்தின் கடைசியில் ஒரு காபிக் கடை. உட்கார இடமில்லை. எல்லார் கையிலும் அவர் புத்தகம்.

கல்லாவிலிருந்து மச்சினன் எழுந்து வந்தான்.

"வாங்க மாமா. சந்துக்குள்ள கடை போட்டா ஈதான் ஓட்டணும்னு சொல்லித் திறப்பு விழாவுக்குக்கூட வரலையே நீங்க."

"இவ்வளவு கூட்டம் எப்படிடா?"

"அக்காதான். அம்பைக் கொஞ்சம் திருப்பி விட்டிருக்கா. நீங்க அதைத் திருத்தினா உங்களை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாளாம்."

போன் அடித்தது. பதிப்பாளர்.

"தப்பு கிடைச்சுதா சார்?"

மச்சினன் நீட்டிய காபியை ஒரு வாய் குடித்தார். நன்றாகத்தான் இருந்தது.

"கிடைச்சுடுச்சு சார். மியூசியத்துக்குப் போற வழியில ஒரு நல்ல காபிக் கடை இருக்கு. அதோட பேரைப் போட மறந்துட்டேன்."