இடது கன்னம்

பாலிமர் களிமண்ணில் கைரேகைகூட அப்படியே பதிந்துவிடும். அதனால் கையுறை போட்டுக்கொண்டுதான் அந்தக் கட்டைவிரல் உயரப் பையனைச் செய்தாள் பொம்மைக்காரி. அப்படியும் இடது கன்னத்தில் குழி விழுந்தது. மூன்று முறை தடவிச் சமன் செய்தாள். வழவழவென்று அடுப்புக்குள் போன கன்னம், வெந்து வெளியே வரும்போது குழியோடு வந்தது.

"மன்னிச்சுக்குங்க," என்றாள், பொம்மை கேட்டிருந்த அம்மாவிடம். "நீங்க குடுத்த போட்டோவுல உம்முன்னு இருக்கான். ஒரு தடவை பையனைக் கூட்டிட்டு வாங்க, நேர்ல பார்த்து வேற செஞ்சு தர்றேன்."

"கூட்டிட்டு வர முடிஞ்சா பொம்மை எதுக்கும்மா எனக்கு?"

பொம்மைக்காரி பொம்மையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அந்த அம்மா குழியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சிரிச்சா அவனுக்கு இங்க குழி விழும்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"