முதல் தொட்டி

பிரஷ்ஷால் இரண்டே இழுப்பு. ஓட்டிலிருந்து கறுப்பு கரைந்து நஜ்லாவின் விரலிடுக்கில் வழிந்தது.

மூன்றாவது இழுப்பில் தொட்டித் தண்ணீர் மங்கியது. நான்காவதில் அது வெறும் பானை ஓடாகிவிட்டது.

அப்போதும் அவள் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. தலையை நிமிர்த்தி மேட்டைப் பார்த்தாள். தோண்டிய குழிகளின் பக்கமிருந்து அகழாய்வை நடத்தும் டாக்டர் ஃபவ்வாஸும், தலைநகர் அம்மானிலிருந்து வந்திருந்த தொல்லியல் துறை ஆய்வாளரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வந்து சேர ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

மாதபா நகருக்குத் தெற்கே இருக்கும் அந்த மேட்டில் ஓடு கழுவுகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். முதல் தொட்டியில் முக்கு. வெயிலில் சாய்த்துப் பார். எழுத்து இல்லை என்று நிச்சயமான பிறகுதான் இரண்டாம் தொட்டி, பிரஷ் எல்லாம். மூவாயிரம் வருஷம் மண்ணைத் தாங்கிய மை ஒரு பிரஷ்ஷைத் தாங்காது.

பத்தொன்பது வருஷமாக அந்தச் சட்டத்தைப் புதிதாக வருகிறவர்களின் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். மூத்தவன் பாசில் பிறந்த நாளிலிருந்து ஊர் அவளை உம் பாசில், அதாவது பாசிலின் அம்மா, என்று கூப்பிடுகிறது. மேட்டில் மட்டும் 'முக்கிப் பார்' என்று இன்னொரு பெயர். கேலிதான். ஆனால் அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

அந்தப் பெயர் இனி இருக்காது.

டாக்டர் இந்த மேட்டுக்கு வந்த ஏழு தோண்டும் பருவமாக அவருக்கு எழுத்து ஒன்றுதான் கனவு. வேதாகமத்தில் வரும் மோவாப் ராஜாக்களின் கோட்டை இதுதான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார். மண்ணோ சட்டி பானையையும் தறிக்கல்லையும் தவிர அவருக்கு ஒன்றும் தரவில்லை. கூட்டங்களில் அவரை நக்கலடிக்கிறார்களாம். எழுதிய ஓடு ஒன்றாவது கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் அனுமதி கிடையாது. அதை நேரில் சொல்லத்தான் ஆய்வாளர் வந்திருந்தார்.

அனுமதி போனால் கீழே ஊரில் நாற்பது வீட்டுக்குப் பிழைப்பு போகும். அதில் நஜ்லாவின் வீடும் ஒன்று.

காலையில் டாக்டரே இந்த ஓடு இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தார். "இதை வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க, உம் பாசில். நீங்களே பாருங்க."

அவ்வளவு நம்பிக்கை அவள்மேல்.

சரளையில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக ஓட்டைப் புரட்டினாள். விளிம்பில் இன்னும் ஒரு கறுப்புக் கீற்று.

இங்கே எடுக்கும் எந்த ஓடானாலும், மண்ணுக்குள் கிடந்த காலமெல்லாம் ஊறி ஏறிய சுண்ணாம்பு மேலே வெள்ளையாக இறுகியிருக்கும். வினிகரில் நாள் கணக்கில் ஊறப்போட்டாலும் லேசில் போகாது. அந்த வெள்ளையில் ஊசிமுனை அளவு கறுப்பு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டைவிரல் நகத்தால் கீற்றைச் சுரண்டினாள். போனது.

"ஏதாவது தேறிச்சா?" என்றார் ஆய்வாளர், அவள் தலைக்கு மேலே நின்றுகொண்டு.

நஜ்லா எழுந்தாள்.

"தப்பு பண்ணிட்டேன், டாக்டர். முக்காம தேச்சுட்டேன். கறுப்பா என்னமோ கரைஞ்சு போச்சு."

டாக்டரின் முகத்தில் ரத்தம் இல்லை. ஆய்வாளர்தான் ஓட்டைப் பிடுங்கி, கண்ணருகே கொண்டுபோய், அங்குலம் அங்குலமாகத் திருப்பிப் பார்த்தார். நஜ்லா அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு விடவில்லை.

ஆய்வாளர் ஓட்டை வைத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரில் விரல் விட்டார். முகர்ந்தார்.

"மைதான். சுத்தமா முடிச்சுட்டீங்க. இதுக்கு என் வீட்டுக்காரிகிட்ட குடுத்திருக்கலாம். அவ எதையும் தேய்க்கவே மாட்டா."

டாக்டரின் பக்கம் திரும்பினார். "ஒண்ணு இருந்துச்சுன்னா இன்னொண்ணும் இருக்கும். இன்னும் ஒரு வருஷம் தோண்டுங்க. ஆனா இந்தம்மா இனிமே தொட்டிப் பக்கமே வரக் கூடாது."

ஜீப்பை நோக்கிப் போனார்.

நஜ்லா பிரஷ்ஷைக் கழுவினாள். இரண்டு தொட்டியையும் கவிழ்த்து மண்ணில் ஊற்றினாள். கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"நீங்களா, உம் பாசில்?" என்றார் கடைசியில். குரல் கம்மியிருந்தது. "நீங்க போய் முக்காம எப்படி..."

அவள் ஓட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஜீப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"முக்கித்தான் பார்த்தேன், டாக்டர். அஞ்சு எழுத்து. அழகாத்தான் இருந்துச்சு."

குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா பழைய எழுத்துன்னா சுண்ணாம்புக்கு அடியில இருக்கணும். இது மேல இருந்துச்சு. அம்மானுக்குப் போயிருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பாங்க."

டாக்டர் ஃபவ்வாஸ் மைக் கறுப்பேறிய ஆள்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.